180ல் 1 என்றால் எவ்வளவு?

கேள்வி: எனக்கு 35 வயது. முதல் குழந்தை, 12 வாரம் முடிந்துவிட்டது. போன வாரம், குழந்தைக்குக் குறைபாடு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ஆஸ்கர் டெஸ்ட் எடுத்தோம். முடிவுத் தாளில் "டவுன் சிண்ட்ரோம்: அதிக அபாயம், 1:180" என்று இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் கணவரோ, "99.4 விழுக்காடு ஒன்றும் இருக்காது என்றுதானே அர்த்தம்? நமக்கு 4டி லாட்டரியில் ஆறுதல் பரிசுகூட விழுந்ததில்லை, இது மட்டும் விழுமா?" என்கிறார். அக்கா, 35 வயதில் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் என்கிறாள். 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, உடனே எடு என்றும் சொல்கிறாள். மருத்துவர் அம்னியோ (வயிற்றில் ஊசி செலுத்தி, கருவைச் சுற்றியுள்ள நீரை எடுத்துச் சோதிப்பது) பற்றியும் சொன்னார், அதில் கரு கலையும் வாய்ப்பு உண்டாம். மாமியார் வயிற்றில் ஊசியே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா, இல்லை அவர் அலட்சியமாக இருக்கிறாரா?
- பொங்கோல் வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தேவையில்லாமல் பயப்படவில்லை. உங்கள் கணவரும் அலட்சியமாக இல்லை. 180ல் 1 என்பதும் 99.4 விழுக்காடு என்பதும் கணக்கில் ஒன்றேதான். இதே முடிவு வந்த 180 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டால் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (கூடுதல் குரோமோசோமால் பிறவியிலேயே வரும் குறைபாடு) இருக்கும், 179 பேருடைய குழந்தைகளுக்கு இருக்காது. நீங்கள் அந்த ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டீர்கள். அவர் மற்ற 179 பேரைப் பார்த்து நிம்மதி அடைகிறார். மரபியல் ஆலோசகராக நான் சந்திக்கும் தம்பதிகள் பலர் இப்படித்தான் வருகிறார்கள். தாள் ஒன்று, ஆளுக்கொரு வாசிப்பு, அதனால் வீட்டில் மனத்தாங்கல்.

படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1982ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா, எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பகுதியினரிடம் "அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்" என்ற வகையில் விவரங்களைக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரிடம் அதே விவரங்களை "100 பேரில் 10 பேர் இறந்துபோகிறார்கள்" என்று திருப்பிச் சொன்னார்கள். முதல் பகுதியில் கதிர்வீச்சைக் கேட்டவர்கள் 18 விழுக்காடு, இரண்டாவதில் 44 விழுக்காடு. பதில் சொன்னவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களும் இந்த மாற்றத்துக்கு விலக்காக இல்லை.

உங்கள் தாளில் எண் எழுதப்பட்டிருக்கும் விதத்துக்கும் ஒரு விளைவு உண்டு. "12ல் 1" என்று சொன்னால் மனத்தில் பெரிதாகவும், "120ல் 10" என்று சொன்னால் அதைவிடச் சிறிதாகவும் தோன்றுகிறது என்று 2011ல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டும் ஒரே அளவுதான். கீழே எந்த எண் இருந்தாலும், மேலே தனியாக நிற்கும் அந்த "ஒன்று" நம் கண்ணில் பட்டுவிடுகிறது. அதற்கு நம் முகத்தைப் பொருத்திப் பார்ப்பது மிகச் சுலபம். கர்ப்ப காலத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் உங்களை உலுக்கியது அந்த எண்ணைவிட, அதற்கு முன்னால் அச்சாகியிருந்த "அதிக அபாயம்" என்ற இரண்டு சொற்கள்தான் என்று நினைக்கிறேன். அவை அங்கே எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஆஸ்கர் டெஸ்ட் மூன்று விவரங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது: உங்கள் வயது, ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்துத் தோலடியில் தெரியும் நீரின் தடிமன், உங்கள் ரத்தத்தில் இருக்கும் இரண்டு பொருள்களின் அளவு. கணினி இவற்றிலிருந்து ஓர் எண்ணைத் தருகிறது. உங்களுக்கு வந்தது 180ல் 1. இதுவரைதான் உங்கள் உடலையும் குழந்தையையும் பற்றிய தகவல். அதற்கு அப்புறம் மருத்துவ ஏற்பாடு ஒரு கோடு போடுகிறது. பல இடங்களில் அந்தக் கோடு 250ல் 1 அல்லது 300ல் 1. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் "அதிகம்", அந்தப் பக்கம் போனால் "குறைவு". இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை அதே கோட்டை 150ல் 1 என்ற இடத்தில் போட்டிருக்கிறது. அதாவது இதே நீங்கள், இதே குழந்தை, இதே ஸ்கேன், இதே 180ல் 1. லண்டனில் இருந்திருந்தால் "குறைந்த வாய்ப்பு" என்று கடிதம் வந்திருக்கும். நீங்கள் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

கோட்டை எங்கே போடுவது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எத்தனை பேரை அடுத்த பரிசோதனைக்கு அழைக்கலாம், எத்தனை பேரை வீணாகக் கலங்க வைப்போம், எத்தனை குழந்தைகளைக் கண்டறியாமல் விட்டுவிடுவோம் என்ற கூட்டல் கழித்தலை வைத்துத்தான். நிர்வாகத்துக்கு அப்படி ஒரு கோடு தேவை. அது உங்கள் குழந்தையைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. 299ல் 1 வந்த பெண்ணுக்கும் 301ல் 1 வந்த பெண்ணுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை. ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறாள், இன்னொருத்தி சிரித்துக்கொண்டு போகிறாள். இந்த முத்திரையை எண்ணுக்கு முன்னால் அச்சிடும் வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "உங்களைப் போன்ற 1,000 பேரில் 5 அல்லது 6 பேருடைய குழந்தைக்கு இருக்கலாம், 994 அல்லது 995 பேருடைய குழந்தைக்கு இருக்காது" என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதினால் போதும். தாளில் இன்னும் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

இதையே உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. 4டியில் ஒரு "பெரிய" பந்தயம் கட்டினால், 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு. 1,000க்குக் கணக்கிட்டால் 2.3. உங்கள் முடிவு 1,000க்கு 5.6, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே "4டியே விழவில்லை" என்பது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை, கணக்கு இல்லை. 1,000ல் 2.3 வாய்ப்பை நம்பி ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களே! ஆசைப்படும் இடத்தில் சிறிய வாய்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில் தெரிகிறது. பயப்படும் இடத்திலும் அப்படித்தான். மறக்க நினைத்தால் அதுவே கண்ணில் படாமல் போகிறது. அவர் உங்களைத் தேற்ற நினைத்துச் சொன்னார், அதைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் "ஒன்றும் இருக்காது" என்று முடித்துவிட்டால் நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதாகிவிடும். அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து அக்கா சொன்ன மடங்குக் கணக்கு. 25 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 1,250ல் 1. 35 வயதில் சுமார் 350ல் 1. மூன்று மடங்குக்கு மேல் என்று அவர் சொன்னது சரிதான். 10,000 பேரை வைத்துப் பார்த்தால் 25 வயதில் 8 பேர், 35 வயதில் 28, 29 பேர். மீதி 9,970க்கும் மேற்பட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் அப்படியே இருக்கிறார்கள். மடங்கு மட்டும் காதில் விழுந்தால் அந்த மீதிப் பேர் மறைந்துபோகிறார்கள்.

மடங்கு என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சாப்பிடும் பெண்களுக்கு ரத்த நாளத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து இரண்டு மடங்கு. செய்தி நாடெங்கும் பரவியது. பழைய வகை மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இந்தப் பாதிப்பு, புதிய வகையில் இருவருக்கு. இரண்டு மடங்கு என்பது இதுதான். ஆனால் பெண்கள் கேட்டது "7,000ல் இன்னும் ஒருவர்" என்ற செய்தியை அல்ல. பயந்துபோய்ப் பலர் மாத்திரையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ரத்தம் கட்டும் ஆபத்து அந்த மாத்திரையைவிடக் கர்ப்பத்திலேயே அதிகம். ஆபத்தைத் தவிர்க்க நினைத்தவர்கள் அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் போனார்கள். எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. சொன்ன விதம் அப்படி.

அக்காவின் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். உங்களுக்கு வந்த 180ல் 1 என்ற எண்ணுக்குள்ளேயே உங்கள் 35 வயது அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் மறுபடி வயதைச் சேர்த்துப் பயப்பட வேண்டாம். வயதை ஏற்கெனவே கணக்கில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, "வயது வேறு ஆகிவிட்டதே" என்று இரண்டாம் முறை கலங்குபவர்கள் மிக அதிகம்.

சரி, அம்னியோவுக்கு வருவோம். 180ல் 1 ஒரு பக்கம், இன்னொரு பக்கம் "500ல் 1" என்றோ "1,000ல் 1" என்றோ ஒரு எண் சொல்லப்படும். கீழே இருக்கும் எண்கள் வெவ்வேறாக இருக்கும்போது ஒப்பிடுவது எல்லாருக்குமே கடினம். அமெரிக்காவில் 1999ல் வெளியான ஓர் ஆய்வில் பெண்களிடம், 384ல் 1, 112ல் 1, இரண்டில் எது பெரிய ஆபத்து என்று கேட்டபோது 56 விழுக்காட்டினர்தான் சரியாகச் சொன்னார்கள். அதே அளவுகளை 1,000ல் 2.6, 1,000ல் 8.9 என்று மாற்றிக் கேட்டபோது 73 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அதனால் நானும் எல்லாவற்றையும் 1,000க்கு மாற்றிவிடுகிறேன். 35 வயதுப் பெண்ணுக்குப் பொதுவாக 1,000ல் 3. பரிசோதனைக்குப் பின் உங்களுக்கு 1,000ல் 5 அல்லது 6. அம்னியோ செய்வதால் மட்டும் கரு கலையும் வாய்ப்பு, அனுபவமுள்ளவர்கள் செய்யும்போது, இன்றைய கணிப்புகளின்படி 1,000ல் 1 முதல் 3 வரை. பழைய கையேடுகளில் 200ல் 1, அதாவது 1,000ல் 5 என்று இருந்திருக்கும். யாராவது உங்களிடம் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால், எந்தக் காலத்துக் கணிப்பு என்று கேளுங்கள்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துவிட்டதால் முடிவு வந்துவிடாது. 6 பெரிது, 3 சிறிது, ஆகவே ஊசி போட்டுக்கொள் என்று யாரும் சொல்லக்கூடாது. கரு கலைவதும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறப்பதும் ஒரே தராசில் வைக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. பல ஆண்டுகள் காத்திருந்து கருத்தரித்தவருக்கு அந்த 1,000ல் 1 மலைபோல் இருக்கும். நிச்சயம் தெரியாமல் ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்று நினைப்பவருக்கு அது சின்னதாகத் தெரியும். குழந்தை எப்படிப் பிறந்தாலும் எங்கள் குழந்தைதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் தயாராகிக்கொள்வோம் என்று சொல்பவர்களும் உண்டு, தெரியவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. இவற்றில் எதுவுமே தவறான முடிவு இல்லை. உங்கள் மாமியார் எண்ணைப் பார்க்கவே இல்லை, அவர் கண்முன் இருப்பது ஊசி. ஸ்கேனில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, அதிலிருந்து விலகிய இடத்தில்தான் ஊசியைச் செலுத்தி நீர் எடுக்கிறார்கள் என்று அவருக்கு விளக்கினால் பாதி பயம் குறையலாம்.

இப்போது அந்த 99 விழுக்காடு ரத்தப் பரிசோதனை. என்ஐபிடி என்று சொல்வார்கள். உங்கள் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வந்து கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளை ஆராய்வது. ஊசி வயிற்றுக்குப் போகாது, கருவுக்கு ஆபத்து இல்லை. நல்ல பரிசோதனைதான். ஆனால் "99 விழுக்காடு" என்பதைக் கேட்டதும் எல்லாரும் ஒன்றை நினைக்கிறார்கள்: "இருக்கிறது" என்று வந்தால் 99 விழுக்காடு இருக்கிறது. அந்த எண் சொல்வது அதை இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கருக்களில் 99ஐ அது கண்டுபிடிக்கும் என்பதுதான் அதன் பொருள். டவுன் சிண்ட்ரோம் இல்லாதவர்களில் ஏறக்குறைய 1,000ல் ஒருவருக்கு "இருக்கிறது" என்று தவறாகவும் சொல்லும்.

ஆட்களாக எண்ணிப் பார்ப்போம். உங்களைப் போல 180ல் 1 வந்த 18,000 பெண்கள் இந்தப் பரிசோதனையை எடுக்கிறார்கள். அவர்களில் 100 பேருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். 99 பேருக்குச் சரியாக "இருக்கிறது" என்று வரும். மீதி 17,900 பேரில் 18 பேருக்குத் தவறாக "இருக்கிறது" என்று வரும். மொத்தம் 117 பேருக்கு அந்த அழைப்பு வருகிறது, அதில் உண்மையாக இருப்பவர்கள் 99 பேர். அதாவது 100ல் 85 பேர் அளவில். 85 என்பது பெரிய எண்தான், ஆனாலும் அதை வைத்து மட்டும் எந்த முடிவும் எடுக்கக்கூடாது, அம்னியோவில் உறுதி செய்ய வேண்டும். "இல்லை" என்று வந்த 17,883 பேரில் தவறிப்போனவர் ஒரே ஒருவர். ஆக, இந்தப் பரிசோதனையின் "இல்லை" மிக வலுவானது. "இருக்கிறது" என்பது அந்த அளவுக்கு வலுவானது இல்லை.

இதே பரிசோதனையை 25 வயதுள்ள 10,000 பெண்கள் எடுத்தால்? அவர்களில் 8 பேருக்கு உண்மையில் இருக்கும், 10 பேருக்குத் தவறாக "இருக்கிறது" என்று வரும். 18 பேர் பயத்தில் உறைந்திருக்க, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றுமே இருக்காது. பரிசோதனை ஒன்றுதான், விளம்பரத்தில் வரும் 99ம் ஒன்றுதான். எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து முடிவின் பொருள் தலைகீழாகிறது. தனியார் மருந்தகங்களில் கூடுதலாக இன்னும் பல அரிய குறைபாடுகளுக்கும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நீளமான தொகுப்புகளைக் காட்டுவார்கள். குறைபாடு எவ்வளவு அரிதோ, "இருக்கிறது" என்று வரும் முடிவு தவறாக இருக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். நீளமான பட்டியல்தான் நல்லது என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள். "இது இருக்கிறது என்று வந்தால், உண்மையிலேயே இருக்க 100ல் எத்தனை வாய்ப்பு?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்களிடம் அந்தப் பகுதியை வாங்க வேண்டாம்.

என் யோசனையைக் கேட்டால், உங்கள் நிலையில் அடுத்த படியாக என்ஐபிடி பொருத்தமானது. ஒரு நிபந்தனையோடு சொல்கிறேன். ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்துத் தடிமன் எவ்வளவு என்று உங்கள் மகப்பேற்று மருத்துவரிடம் கேளுங்கள். அது 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஸ்கேனில் வேறு ஏதாவது தென்பட்டிருந்தாலோ, என்ஐபிடியைத் தாண்டி நேரடியாக உறுதிப் பரிசோதனைக்குப் போவதைப் பற்றி அவர் பேசக்கூடும். அப்போது அவர் சொல்வதற்கே முதலிடம் கொடுங்கள். அந்தத் தடிமன் டவுன் சிண்ட்ரோம் தவிர வேறு சிலவற்றுக்கும் அறிகுறியாக இருக்கலாம், அவற்றை என்ஐபிடி பார்க்காது.

காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அம்னியோ பொதுவாக 15 வாரத்துக்குப் பிறகுதான். அதற்குள் ரத்தம் கொடுத்து, முடிவு வந்து, நீங்கள் இருவரும் பேசி முடிவெடுக்க இடம் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஒரு பேச்சை முடித்துவிடுங்கள்: "இருக்கிறது" என்று வந்தால் உறுதி செய்ய அம்னியோவுக்குப் போவோமா, மாட்டோமா? பயம் உச்சத்தில் இருக்கும் நாளில் இதைப் பேசத் தொடங்குவதைவிட இப்போது பேசுவது நல்லது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் "1,000 பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை பேருக்கு இல்லை" என்று இரண்டு பக்கமும் சொல்லச் சொல்லி அவரையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோமோடு வளரும் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், சிங்கப்பூரில் அதற்கென்றே இயங்கும் டவுன் சிண்ட்ரோம் சங்கம் இருக்கிறது. எந்த முடிவையும் எடுக்காமலே, கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக மட்டும்கூட அவர்களை அணுகலாம்.

ஒரு சிலருக்கு என்ஐபிடியில் முடிவே வராமல் போவதுண்டு. ரத்தத்தில் குழந்தையின் பங்கு அன்று போதுமான அளவு இல்லாவிட்டால் அப்படி ஆகும். பெரும்பாலும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். தொலைபேசியில் "மறுபடி வாருங்கள்" என்று சொன்னால் அதையே கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளாமல், ஏன் என்று அப்போதே கேளுங்கள். மாமியாரும் உடன் வருவதாக இருந்தால், தமிழில் விளக்க யாராவது இருப்பார்களா என்று முன்பதிவின்போதே விசாரித்து வையுங்கள்.